பாரிசவாதத்திலிருந்து மீளுதல்: இயன்மருத்துவத்துடன் இணைய வேண்டிய தளர்வுப் பயிற்சிகள்

பதுளை நகரிலிருந்து நமுனுகுலை மலையை நோக்கி ஏறிச் செல்லும் சரிவுகளில் ஸ்பிரிங்வெளித் தோட்டம் பரந்து கிடக்கின்றது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமுனுகுலைச் சிகரத்தின் உயரமோ 2036 மீற்றர். இடைப்பட்ட சரிவுகளில் லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், தண்ணீர்க் குழாய்க்கும், கோவிலுக்கும், கடைக்கும் ஏறியும் இறங்கியுமே மக்கள் வாழ்கின்றனர். அத்தகைய இடத்தில் ஒருவருக்கு ஒரு பக்கக் கையும் காலும் திடீரெனச் செயலிழந்து போவது எத்தகைய பேரிழப்பு என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. சமதரையில் வாழும் நோயாளி பத்து அடி நடக்கக் கற்றாலே வாசலுக்கு வந்துவிடலாம். லயத்து நோயாளிக்கோ வாசலுக்கு அப்பால் படிக்கட்டு காத்திருக்கின்றது.

பாரிசவாதத்தினால் தாக்குண்டவர்களில் பலர் வைத்தியசாலையில் உயிர் காக்கப்பட்டு, சில நாட்களில் அல்லது சில வாரங்களில் வீடு திரும்புகின்றனர். 'பயிற்சியைத் தொடர்ந்து செய்யுங்கள்' என்ற அறிவுரையும் அவர்களுடன் கூடவே வருகின்றது. ஆனால், இறுகிப்போன கையை எவ்வாறு தளர்த்துவது, விழுந்துவிடுவேனோ என்ற அச்சத்தை எவ்வாறு ஆற்றுவது, இரவில் உறக்கமின்றித் தவிக்கும் மனதை எவ்வாறு அமைதிப்படுத்துவது என்பன பெரும்பாலும் சொல்லப்படாமலேயே போய்விடுகின்றன. இயன்மருத்துவம் எனப்படும் பிசியோதெரபிச் சிகிச்சையுடன் தளர்வுப் பயிற்சிகளையும் இணைத்துக் கொள்வதால் கிடைக்கக்கூடிய பயன் என்ன, கிடைக்காதது என்ன என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

மூளைக்குச் செல்லும் குருதிக்கலன் ஒன்று அடைபடுவதாலோ அல்லது வெடித்துக் குருதி கசிவதாலோ பாரிசவாதம் ஏற்படுகின்றது. அடைப்பினால் ஏற்படுவதே அதிகம். எனினும், கட்டுப்படுத்தப்படாத உயர் குருதியமுக்கம் உள்ளவர்களிடையே குருதிக்கசிவினால் ஏற்படுவதும் குறைவன்று. மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தையும், வலப்பக்கம் இடப்பக்கத்தையும் ஆள்வதால், பாதிப்பு எதிர்ப்புறத்தில் வெளிப்படுகின்றது. பெரிய குருதிக்கலன் ஒன்று அடைபட்டு, சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என 2006ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணிப்பு காட்டியது.

ஆகவே, முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றேனும் திடீரெனத் தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொருத்தமான நோயாளிக்கு, அறிகுறி தோன்றியதிலிருந்து வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்னர் சி.ரி. ஸ்கான் எடுத்து, குருதிக்கசிவு இல்லை என்பதை உறுதிப்படுத்தவும் வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட 'சுவ செரிய' இலவச அம்பியூலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அந்த நேரத்தில் எண்ணெய் தேய்ப்பதோ, மந்திரித்து நூல் கட்டுவதோ, விடியட்டும் என்று காத்திருப்பதோ நோயாளியின் எதிர்காலத்தைப் பறித்துவிடும். இக்கட்டுரை பேசும் தளர்வுப் பயிற்சிகள் அனைத்தும் உயிராபத்து நீங்கி, நோயாளி உறுதியான நிலையை அடைந்த பின்னர் செய்ய வேண்டியவை என்பதை வாசகர்கள் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

இயன்மருத்துவத்தின் பணி

இறந்த நரம்புக்கலங்கள் மீண்டும் உயிர்ப்பதில்லை. ஆனால், எஞ்சிய பகுதிகள் புதிய இணைப்புகளை ஏற்படுத்தி, இழந்த வேலையின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்கக் கூடியவை. அந்தத் திறனைத் தூண்டுவது மீண்டும் மீண்டும் செய்யப்படும் நோக்கமுள்ள அசைவாகும். படுக்கையில் புரளுதல், எழுந்து அமர்தல், அமர்ந்த நிலையில் சமநிலை பேணல், எழுந்து நிற்றல், அடியெடுத்து வைத்தல், கோப்பையைப் பற்றுதல் எனப் படிப்படியாக இயன்மருத்துவர் வழிநடத்துகின்றார். தொழில்வழிச் சிகிச்சையாளர் உண்ணல், உடுத்தல், குளித்தல் போன்ற அன்றாட வேலைகளைக் கற்பிக்கின்றார். பேச்சும் விழுங்கலும் பேச்சுமொழிச் சிகிச்சையாளரின் துறையைச் சார்ந்தவை.

இச்சிகிச்சையில் 'அதிகம் செய்தால் அதிகம் நன்மை' என்ற எண்ணம் எப்போதும் சரியாவதில்லை. ஐந்து நாடுகளின் 56 வைத்தியசாலைகளில் 2104 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் முடிவுகள் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தாக்கம் ஏற்பட்ட 24 மணித்தியாலத்துக்குள் நோயாளியை எழுப்பி அதிக அளவில் பயிற்சி கொடுத்தமை, வழமையான பராமரிப்பைவிடக் குறைந்த பலனையே தந்தது. அதே ஆய்வின் தரவுகளை மேலும் ஆராய்ந்தபோது, சிறிது சிறிதாக அடிக்கடி செய்வது நல்லது என்ற சாயல் தெரிந்தது. மறுபுறத்தில், மாதங்கள் கடந்தபின் பயனில்லை என்று கைவிடுவதும் தவறாகும். தாக்கம் ஏற்பட்டு 3 முதல் 9 மாதங்கள் கடந்த 222 அமெரிக்க நோயாளரில் ஒரு பகுதியினரின் நல்ல கையைக் கட்டுப்படுத்தி, பலவீனமான கையை இரண்டு வாரங்கள் தீவிரமாகப் பயன்படுத்தச் செய்த ஆய்வொன்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. அதன் முடிவு 2006இல் வெளியாயிற்று. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும் என்பது உண்மை. அதன் பின்னர் வாசல் மூடப்பட்டுவிடுவதில்லை என்பதும் உண்மையே.

தளர்வு ஏன் தேவைப்படுகின்றது?

பாரிசவாதத்தின் பின்னர் தளர்ந்து கிடக்கும் கை சில வாரங்களில் இறுகத் தொடங்குவதைப் பல குடும்பத்தினர் அவதானித்திருப்பர். முழங்கை மடிந்து, மணிக்கட்டு வளைந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுவிடும். தசையைக் கட்டுப்படுத்தி வந்த மூளையின் கட்டளை அறுந்துபோனதால், முண்ணாண் மட்டத்திலுள்ள தெறிவினைகள் கட்டுப்பாடின்றிச் செயற்படுவதே இதற்குக் காரணமாகும். இந்த இறுக்கம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வலி, அச்சம், கோபம், மலச்சிக்கல், நிரம்பிய சலப்பை, படுக்கைப்புண் ஆகியவை அதனைக் கூட்டுகின்றன. பனிமூட்டமும் குளிர்காற்றும் மிகுந்த காலைகளில் கை மேலும் இறுகுவதை மலைப்பகுதி நோயாளர் பலர் உணர்வர்.

மனநிலையும் உடலுடன் பின்னிப் பிணைந்ததே. பாரிசவாதத்துக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதோவொரு கட்டத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். பதகளிப்பும் பரவலாகவே காணப்படுகின்றது. ஒருமுறை விழுந்த நோயாளி, மறுமுறை எழுந்து நிற்கும்போதே உடலை விறைப்பாக்கி, மூச்சை அடக்கிக் கொள்கின்றார். விறைப்பு சமநிலையைக் குலைக்கின்றது. சமநிலை குலைய அச்சம் பெருகுகின்றது. இச்சுழலுக்குள் அகப்பட்டவருக்கு இயன்மருத்துவர் எவ்வளவு நேர்த்தியான பயிற்சியைக் கொடுத்தாலும் முழுப்பயன் கிடைப்பதில்லை. தளர்வுப் பயிற்சி உதவக்கூடிய இடம் இதுவேயாகும். நோயாளியின் உடலையும் மனதையும் பயிற்சிக்கு ஆயத்தம் செய்வதும், பயிற்சியின் பின்னர் களைப்பை ஆற்றுவதும், உறக்கத்துக்குத் துணைபுரிவதும் அதன் பணிகளாகும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்டார். உடல் கனக்கின்றது, வெதுவெதுப்பாகின்றது எனத் தமக்குத் தாமே சொல்லித் தளரும் முறையை ஜேர்மன் மருத்துவர் யொஹானஸ் சுல்ட்ஸ் 1932இல் விளக்கினார். ஒரே சொல்லை மூச்சுடன் இணைத்து உச்சரிக்கும்போது உடலில் ஏற்படும் அமைதியை ஹார்வர்ட் மருத்துவர் ஹேர்பர்ட் பென்சன் 1975இல் எழுதிய நூலின் மூலம் பரவலாக அறியச் செய்தார். இவை பெயரளவில் மேலைத்தேயத்தவை. மூச்சைக் கவனிப்பதும் இறைநாமத்தை உச்சரிப்பதும் எமது சமூகங்களில் தொன்றுதொட்டு நிலவி வருபவை.

பாரிசவாத நோயாளரிடம் இவற்றைப் பரிசோதித்த ஆய்வுகள் எண்ணிக்கையிலும் அளவிலும் சிறியவை. இங்கிலாந்தில் பதகளிப்புக்கு உள்ளான 21 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டு வாரத்துக்கு ஐந்து தடவை வீதம் ஒரு மாதம் தளர்வுப் பயிற்சி செய்தவர்களின் பதகளிப்புக் குறைந்தது. யோகப் பயிற்சி பற்றி 2017இல் வெளியான கொக்ரேன் மீளாய்வுக்கு இரண்டு ஆய்வுகளும் 72 நோயாளருமே கிடைத்தனர். பதகளிப்புக் குறைவதற்கான அறிகுறிகள் இருந்தபோதிலும் உறுதியான முடிவுக்கு வர முடியாது என்றே அம்மீளாய்வு கூறியது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், தாம் விரும்பிய இசையை இரண்டு மாதங்கள் நாள்தோறும் கேட்ட நோயாளரின் சொல் நினைவாற்றலும் கவனமும் ஏனையோரைவிட நன்கு தேறியதுடன், அவர்களின் மனச்சோர்வும் குறைவாகவே காணப்பட்டது.

எமது கவனத்துக்கு மிகவும் உரியது 2007இல் அமெரிக்காவில் ஸ்டீபன் பேஜ் குழுவினர் வெளியிட்ட ஆய்வாகும். நீண்டகாலம் கைப்பலவீனத்துடன் வாழ்ந்த 32 நோயாளரும் ஒரே மாதிரியான கைப்பயிற்சியைப் பெற்றனர். அதன் பின்னர் ஒரு பிரிவினர் தளர்வுப் பயிற்சியை மட்டும் செய்தனர். மறு பிரிவினர் உடலைத் தளர்த்திய பின், தமது கை அந்த வேலைகளைச் செய்வதாக மனக்கண்ணில் கண்டு ஒத்திகை பார்த்தனர். கையின் செயற்பாட்டில் தெளிவான முன்னேற்றம் கண்டவர்கள் மனஒத்திகை செய்த பிரிவினரே. இதிலிருந்து பெறக்கூடிய பாடம் தெளிவானது. தளர்வு தனித்து நின்று செயலிழந்த கையை மீட்டுத் தருவதில்லை. அது மனதைச் சாந்தப்படுத்தி, மனஒத்திகைக்கும் மெய்யான அசைவுக்கும் களம் அமைக்கின்றது. 'மூச்சுப் பயிற்சியால் பாரிசவாதம் குணமாகும்' என்று பணம் பறிக்கும் விளம்பரங்களை நம்பி இயன்மருத்துவத்தைக் கைவிடுவோர் இதனைக் கவனத்திற் கொள்வது நன்று.

எமது மண்ணின் அனுபவம்

தளர்வுப் பயிற்சிகளைத் தமிழ் நோயாளருக்கு ஏற்றவாறு கற்பித்த அனுபவம் இலங்கையிலேயே உண்டு. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும் போரினால் உளத்தாக்கமுற்ற மக்களுக்குச் சாந்த வழிமுறைகளைக் கற்பித்தபோது, நோயாளியின் சமயப் பின்னணியையே அதற்கு அடிப்படையாகக் கொண்டனர். இந்துக்களுக்குப் பிரணவமும் பிராணாயாமமும், இஸ்லாமியருக்கு 'சுப்ஹானல்லாஹ்' போன்ற திக்ரும், கிறிஸ்தவர்களுக்கு இயேசுவின் நாமமும் ஜெபமாலையும் அமைதிக்கான சாதனங்களாயின. பழக்கமில்லாத ஒரு முறையைப் புதிதாகப் புகுத்துவதைவிட, நாவில் ஏற்கனவே குடியிருக்கும் சொல்லைப் பயன்படுத்துவது எளிது. போர்க்கால உளத்தாக்கத்துக்காக வளர்த்தெடுக்கப்பட்ட அந்த அணுகுமுறையைப் பாரிசவாத நோயாளரின் பதகளிப்புக்கும் பயன்படுத்துவதில் தடையேதும் இல்லை.

மாரியம்மன் கோவில் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே பள்ளத்தாக்கில் ஒலிக்கும் பதுளை, பசறை, வெலிமடை போன்ற இடங்களில் இதற்கு இன்னுமொரு பயனும் உண்டு. இயன்மருத்துவப் பயிற்சி நாளுக்குப் பல தடவை சிறிது சிறிதாகச் செய்யப்பட வேண்டியது. ஐவேளைத் தொழுகை உள்ள வீட்டில் ஒவ்வொரு தொழுகையின் பின்னரும் பத்து நிமிடம் என்று வகுத்துக் கொண்டால் பயிற்சி தவறாது. விளக்கேற்றும் வீட்டில் காலை, மாலை வழிபாட்டு நேரங்கள் அவ்வாறே அமையலாம். நிற்க முடியாதவர் அமர்ந்தும், அமர முடியாதவர் படுத்தும் தொழுவதற்கு இஸ்லாம் இடமளித்துள்ளது. சமநிலை தேறும்வரை நாற்காலியில் அமர்ந்து தொழுவதில் நோயாளி குறை காண வேண்டியதில்லை. ரமழான் நோன்பு நோற்பது குறித்தும், மாத்திரை நேரங்களை மாற்றுவது குறித்தும் வைத்தியரைக் கேட்காமல் எவரும் தாமாகவே தீர்மானிக்கக் கூடாது.

வீட்டில் செய்யும் முறை

வைத்தியரின் அல்லது இயன்மருத்துவரின் அனுமதி பெற்ற பின்னர், பின்வரும் ஒழுங்கில் நாளுக்கு இருவேளை, ஒவ்வொரு தடவையும் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் செய்யலாம்.

முதலாவது, இருக்கை. முதுகுக்குச் சாய்வுள்ள நாற்காலியில் இரு பாதங்களும் தரையில் படும்படி அமர வேண்டும். பாதிக்கப்பட்ட கையைத் தொங்கவிடாது, மடியில் அல்லது முன்னாலுள்ள மேசையில் தலையணை மீது வைக்க வேண்டும். அமர இயலாதவர் படுத்திருந்து, அக்கைக்கும் தோளுக்கும் தலையணை கொடுத்துச் செய்யலாம். வானொலி, தொலைக்காட்சி ஓசைகளை நிறுத்திவிடுவது நல்லது. அடுத்தடுத்த காம்பராக்களின் சத்தம் தடுப்புச் சுவரைக் கடந்து வரும் லயத்தில் முழு அமைதி கிடைப்பது அரிது. வீட்டார் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்ற பின்னரான நேரத்தைத் தெரிந்து கொள்ளலாம்.

இரண்டாவது, மூச்சு. மூக்கினால் மெதுவாக இழுத்து, இழுத்த நேரத்தைவிடச் சற்று அதிக நேரம் எடுத்து வெளிவிட வேண்டும். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுதல் ஓர் எளிய அளவாகும். மூச்சை அடக்கக் கூடாது. வெளிவிடும் ஒவ்வொரு தடவையும் தமது சமயத்துக்குரிய ஒரு சொல்லை அல்லது 'அமைதி' என்ற சொல்லையே மனதுக்குள் உச்சரிக்கலாம்.

மூன்றாவது, தசைகள். நல்ல பக்கத்துக் கையை ஐந்து விநாடிகள் இலேசாகப் பொத்தி, பின்னர் இருபது விநாடிகள் தளரவிட வேண்டும். தோள், முகம், நல்ல பக்கத்துக் கால் ஆகியவற்றுக்கும் அவ்வாறே செய்யலாம். பாதிக்கப்பட்ட பக்கத்தை முறுக்கி இறுக்கக் கூடாது. அது இறுக்கத்தை மேலும் தூண்டிவிடக்கூடும். அப்பக்கத்தின் மீது கவனத்தைச் செலுத்தி, அது கனத்து, வெதுவெதுப்பாகித் தளர்வதாக எண்ணுவது மட்டும் போதுமானது.

நான்காவது, மனஒத்திகை. உடல் தளர்ந்த பின்னர், நன்கு பழகிய ஒரு வேலையைப் பலவீனமான கை செய்வதாக மனக்கண்ணில் காண வேண்டும். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த பெண்ணுக்கு, இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரல்களுக்கிடையில் ஒடிவதும், கொழுந்து முதுகுப்புறக் கூடைக்குள் விழுவதும் எவரும் கற்பிக்க வேண்டியவை அல்ல. கடை வைத்திருந்தவர் தராசைப் பிடிப்பதையும், தையற்காரர் துணியை வெட்டுவதையும் காணலாம். அதன் பின்னர் இயன்மருத்துவர் சொல்லிக் கொடுத்த மெய்யான பயிற்சியைத் தொடங்க வேண்டும். முடிவில் சில நிமிடங்கள் ஓய்வு தேவை.

பேச்சை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் குன்றியவருக்கு நீண்ட வாய்மொழி அறிவுறுத்தல்கள் பயன் தரமாட்டா. அவரருகில் அமர்ந்து தாமும் மெதுவாக மூச்சுவிட்டுக் காட்டுவதும், நல்ல பக்கத்துக் கையைப் பற்றியிருப்பதும், அவர் விரும்பிய பாடலை மெல்லிய ஒலியில் இசைக்கவிடுவதும் போதும்.

தவிர்க்க வேண்டியவை

பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்குவது எமது வீடுகளில் அன்றாடம் நிகழும் தவறாகும். தளர்ந்த தோள்மூட்டு இதனால் இடம்பெயர்ந்து, மாதக்கணக்கில் வலி கொடுக்கும். குளிருக்கு இதமாகச் சுடுநீர்ப் போத்தல் வைப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் ஆபத்தானவை. உணர்ச்சியற்ற தோல் வெந்து போவதை நோயாளி அறியமாட்டார். கம்பளியால் போர்த்துவதும், வெயில் படும் இடத்தில் அமர்த்துவதும் பாதுகாப்பானவை. இலேசாக எண்ணெய் தடவுவது இதம் தரலாம். ஆனால் மூட்டுகளைப் பலவந்தமாக முறிப்பதுபோல் நீட்டுவதும், வீங்கிச் சிவந்த கெண்டைக்காலை அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. அவ்வீக்கம் நாளத்துக்குள் குருதி உறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வேகமாக மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதி, பஸ்திரிகை போன்ற பயிற்சிகளும், மூச்சை நெடுநேரம் அடக்குவதும், தலையைத் தாழ்த்தும் ஆசனங்களும் உயர் குருதியமுக்கம் உள்ள இந்நோயாளருக்கு ஏற்றவையல்ல. தலைச்சுற்றோ, நெஞ்சுவலியோ, புதிய பலவீனமோ ஏற்பட்டால் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். மனம் அமைதியடைந்துவிட்டது என்பதற்காகக் குருதியமுக்க மாத்திரையையோ, நீரிழிவு மருந்தையோ, குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தையோ நிறுத்துவது அடுத்த தாக்கத்தை அழைப்பதற்கு ஒப்பாகும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமானது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கருவாடும் ஊறுகாயும் அன்றாட உணவாகும் வீடுகளில் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். புகையிலை சேர்ந்த வெற்றிலையையும் மதுவையும் கைவிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

காரணமின்றி அழுவதும், பொருத்தமற்ற நேரத்தில் சிரிப்பதும் மூளைப் பாதிப்பினால் ஏற்படக்கூடியவை. அவற்றைப் பைத்தியம் என்றோ செய்வினை என்றோ கருதுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதியாகும். இரண்டு வாரங்களுக்கு மேல் துயரம் நீடித்தாலோ, உணவை மறுத்தாலோ, 'நான் இருந்து என்ன பயன்' என்று நோயாளி பேசத் தொடங்கினாலோ, தளர்வுப் பயிற்சி மட்டும் போதும் என்று இருந்துவிடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்தும் உளவளத்துணையும் உண்டு.

குடும்பம் மட்டும் சுமக்க முடியுமா?

மேற்கூறியவற்றை வாசிக்கும் சிலர், இனி எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம் என்று எண்ணக்கூடும். சுகாதார நிருவாகிகளும் அவ்வாறே எண்ண விரும்பலாம். இந்தியாவின் 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் முடிவு வெளியிடப்பட்ட ஆய்வு இவ்விடத்தில் எச்சரிக்கை விடுக்கின்றது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பேராசிரியர் ஜெயராஜ் பாண்டியன் போன்றோர் முன்னெடுத்த அவ்வாய்வில், குடும்பத்தவர் ஒருவருக்குப் பயிற்சியளித்து, வீட்டில் அவரே மறுவாழ்வுச் சிகிச்சையை வழங்கச் செய்யப்பட்டது. ஆறு மாதங்களின் பின்னர் இறந்தோர், பிறரில் தங்கி வாழ்வோர் ஆகியோரின் விகிதம் வழமையான பராமரிப்புப் பெற்றவர்களின் விகிதத்திலிருந்து வேறுபடவில்லை. குடும்பத்தின் அன்பும் உழைப்பும் இன்றியமையாதவை. ஆயினும் அவை பயிற்றப்பட்ட சிகிச்சையாளரின் இடத்தை நிரப்பிவிடுவதில்லை.

தோட்டங்களில் இப்பிரச்சினை இன்னும் கூர்மையானது. மலைக்குப் போனால்தான் பெயர் விழும் என்ற நிலையில், நோயாளியைப் பராமரிக்க வீட்டில் நிற்கும் மகளோ மருமகளோ அன்றைய கூலியை இழக்கின்றார். வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டுமாயின், நடக்க முடியாத நோயாளியை லயத்திலிருந்து வீதிவரை தூக்கிச் செல்ல ஆட்கள் வேண்டும். அங்கிருந்து முச்சக்கரவண்டிக்குப் பணம் வேண்டும். வாரம் ஒருமுறை இவ்வாறு சென்றுவர எத்தனை குடும்பங்களால் இயலும்? தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கி, பகுதி பகுதியாகவே நகர்ந்து வந்துள்ளது. பிரசவம், தடுப்பூசி ஆகியவற்றுக்குக் கிடைத்த கவனம், உயிர் தப்பி முடங்கிப் போனவர்களின் மறுவாழ்வுக்குக் கிடைக்கவில்லை.

மொழியும் இதனோடு சேர்ந்த பிரச்சினையாகும். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட மொழி பெரிதும் தேவைப்படாது. ஆனால், தளர்வுப் பயிற்சி முழுவதும் சொற்களினாலேயே நிகழ்கின்றது. 'தோளைத் தளர விடுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள்' என்பதை நோயாளி தமது தாய்மொழியில் கேட்காவிடின், அது வெறும் ஓசையாகவே முடியும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அவ்வாறிருந்தும் தமிழ் பேசும் சிகிச்சையாளர் போதாமையால், மலையகத்தின் நோயாளர் பலர் சைகையையும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மொழிபெயர்ப்பையும் நம்பியே பயிற்சி பெறுகின்றனர். சிகிச்சையாளரின் நல்லெண்ணத்தை இங்கு எவரும் குறைகூற முடியாது. குறை ஆட்சேர்ப்பிலும் திட்டமிடலிலுமே உள்ளது.

செய்யக்கூடியவை

பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை பல உண்டு. தளர்வுப் பயிற்சியையும் அடிப்படை இயன்மருத்துவ அறிவுறுத்தல்களையும் மலையக மக்கள் பேசும் எளிய தமிழில் ஒலிப்பதிவு செய்து, நோயாளி வீடு திரும்பும்போது அவரது குடும்பத்தவரின் கைத்தொலைபேசியில் பதிந்து கொடுக்கலாம். இங்கிலாந்து ஆய்வில் பயன்பட்டதும் அத்தகைய ஓர் ஒலிப்பதிவே. எழுத வாசிக்கத் தெரியாத முதியவருக்கும் அது பயன்படும். வீடு திரும்பும் நோயாளிக்குக் கொடுக்கப்படும் அறிவுறுத்தல்கள் தமிழிலும் எழுதப்பட வேண்டும்.

மாதத்தில் குறித்த சில நாட்களில் இயன்மருத்துவர் ஒருவர் தோட்ட வைத்திய நிலையங்களுக்கு நேரில் வருவதற்கு மாகாண சுகாதாரத் துறையும் தோட்ட நிருவாகங்களும் இணைந்து ஒழுங்கு செய்யலாம். ஸ்பிரிங்வெளியைச் சூழவுள்ள பல லயங்களின் நோயாளர் ஓரிடத்தில் கூடினால், ஒரே நாளில் பலரைப் பார்வையிட முடியும். தம்மைப் போன்ற இன்னொருவர் ஊன்றுகோலுடன் நடந்து வருவதைக் காண்பதே நோயாளிக்குத் தெம்பளிக்கும். கோவில் பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிருவாகங்களும், தோட்ட இளைஞர் மன்றங்களும் போக்குவரத்துக்கும், வாசற்படியில் கைப்பிடி அமைப்பதற்கும் உதவ முன்வரலாம். பராமரிப்பாளருக்கு மாதத்தில் சில நாட்களேனும் கூலியுடன் கூடிய விடுமுறை பெற்றுக் கொடுப்பது பற்றித் தொழிற்சங்கங்கள் தமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நீண்டகால நோக்கில், ஊவாவின் தமிழ்மொழிப் பாடசாலைகளிலிருந்து உயிரியல் பிரிவில் கற்று இயன்மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுமொழிச் சிகிச்சை ஆகிய துறைகளுக்குச் செல்லும் மாணவர் தொகை பெருக வேண்டும். வைத்தியராவதையும் பொறியியலாளராவதையும் மட்டுமே இலட்சியமாகக் காட்டும் பெற்றோரும் ஆசிரியர்களும் இத்துறைகளையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்த பாட்டியின் கையை அவரது மொழியிலேயே பேசி அசைய வைக்கும் பேத்தி இம்மலைகளிலிருந்தே உருவாக முடியும். அதுவரை, நோயாளியின் மூச்சையும் மனதையும் ஆற்றும் பணியைக் குடும்பம் இன்றே தொடங்கலாம். சிகிச்சையாளரை மலைக்கு வரச் செய்வது அரசினதும் தோட்ட நிருவாகங்களினதும் கடமையாகும்.